வரைபடத்தில் விட்டுப்போன கால்வாய்

1992 ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் அலுவலகம். மேசைமேல் தூசி; தூசிமேல் புது வேலை. தாம்பரத்திலிருந்து தெற்கே அடுத்த இருபது வருடத்துக்கு ஊர் எப்படி வளர வேண்டும் என்று திட்டம் போடப்போகிறார்களாம். எங்கே வீடு, எங்கே பட்டறை, எங்கே சாலை, எங்கே ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது, எல்லாம் ஒரே வரைபடத்தில் வர வேண்டும். வரையப்போகிறவள், வேறு யார், நான்தான். திட்டத்தின் பெயர் ‘2011’. அந்த வருடம் எனக்கு ஐம்பத்தெட்டு முடியும். ரிடையர் ஆகிற அன்றைக்கு ஊர் எப்படி இருக்கும் என்பதை நானே இப்போது கோடு போட்டு வைக்கப்போகிறேன். எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

“பழைய டிரேசிங்கையெல்லாம் எடுத்து ஒண்ணாச் சேர்த்துடும்மா ஜெயசீலி. புதுசா அளக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை” என்றார் தட்சிணாமூர்த்தி சார். எங்கள் பிரிவின் திட்ட அதிகாரி. மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு.

வீட்டுக்கு வந்தால் யூனிஸ் ஹால் முழுக்கச் சார்ட் பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். என் தங்கை, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் டீச்சர். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஆனால் இடம் எப்போதும் போதாது. சுற்றுச்சூழல் என்றால் அவளுடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புலி, யானை, அமேசான் காடு என்று எழுதுகிறார்களாம். “சொந்தத் தெருவுல பெய்யுற மழை எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டேன்க்கா. ஒருத்திக்கும் தெரியலை.” அதனால் பெருங்களத்தூருக்கு மேற்கே இருக்கும் பூவராகன் நகரில் ஆளுக்குப் பத்து வீடு பிரித்துக் கொடுத்திருக்கிறாள். போன ஐப்பசி மழையில் உங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, உங்கள் கிணற்றில் இப்போது எத்தனை அடியில் தண்ணீர் என்று இரண்டே கேள்வி.

இதற்கு மார்க் உண்டா என்று கேட்டேன். “கிடையாது. அதனாலதான் ஒழுங்காச் செய்யுதுங்க” என்றாள்.

ஜனவரி 28

ஹாலில் பதினோரு பெண்கள். மூன்று பிஸ்கட் பாக்கெட் காலி. என் செட் ஸ்கொயரை எவளோ எடுத்துப்போய்விட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆலயத்திலிருந்து வந்ததும் யூனிஸ் சார்ட்டைச் சுவரில் மாட்டினாள். எண்பத்தாறு வீடுகள். முழங்கால் வரை தண்ணீர் நின்ற வீட்டுக்கு ஒரு நீலப் பொட்டு, இடுப்பு வரை நின்ற வீட்டுக்கு இரண்டு.

பொட்டுகள் நகர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரிய ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் தொடங்கி, நகருக்குள் ஏழு மனைகள் வழியாக வளைந்து, தெற்கே சித்தேரி வரை ஒரே நாடாவாகப் போகின்றன. கிணறுகளும் அப்படியே. அந்த நாடாவின் ஓரக் கிணறுகளில் பன்னிரண்டு அடியில் தண்ணீர், மற்றவற்றில் முப்பது.

“பாத்தியாக்கா, தண்ணிக்கு வழி தெரியுது!” என்று யூனிஸ் குதிக்கிறாள். நானோ சார்ட்டுக்கு அருகே போய் விரலை வைத்துப் பார்த்தேன். அந்த வளைவு எனக்குத் தெரியும். நான் போட்ட வளைவு அது. ஆனால் அலுவலக வரைபடத்தில் அங்கே வளைவே கிடையாதே. அப்படியானால் எங்கே போட்டேன்?

பிப்ரவரி 10, திங்கள்

ஆவண அறையில் இரண்டு மணி நேரம் தும்மிக்கொண்டே தேடினேன். கிடைத்துவிட்டது. 1984ஆம் வருட டிரேசிங் துணி.

எங்கள் வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் எல்லாமே பென்சில். அதன்மேல் மசி: தடித்த நிப்பில் எல்லை, நடுத்தர நிப்பில் சாலை, எல்லாம் முடிந்தபின் மெல்லிய 0.2 நிப்பில் தண்ணீர். தண்ணீர் எப்போதும் கடைசி. அந்த வருடம் ஜூலையில் என் 0.2 நிப் அடைத்துக்கொண்டது. வெந்நீரில் போட்டேன், ஊதினேன், தட்டினேன், அசையவில்லை. ஸ்டோருக்கு எழுதிப் போட்டேன். புது நிப் வரப் பதினோரு நாள் ஆனது; அதுவரை ஏரியிலிருந்து சித்தேரிக்குப் போகும் கால்வாய் பென்சிலிலேயே நின்றது. அதற்குள் சிட்டிபாபு என்பவருடைய மனைப்பிரிவு அவசரம் என்று துணியை நகல் எடுக்க அமோனியா பிரின்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். பென்சில் கோடு அமோனியா பிரின்டில் விழாது. கால்வாய் இல்லாத பிரின்டைப் பார்த்து நூற்று நாற்பது மனைக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த நூற்று நாற்பது மனைதான் இன்றைய பூவராகன் நகர்.

நிப் வந்தபோது நான் வேறு ஊர் வரைந்துகொண்டிருந்தேன். நினைவே இல்லை. எட்டு வருடம் நினைவே இல்லாமல் சாப்பிட்டு, தூங்கி, சம்பளம் வாங்கி —

இன்று துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு இருக்கிறது. வெளிறிப்போய், ஆனால் முழுசாக.

இதைப் பார்க்கிற ஒரே ஆள் நான். ரப்பரால் நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும், உலகத்தில் யாருக்கும் தெரியாது. தேய்க்காமல் மசி போட்டால் அந்த ஏழு மனையிலும் இனி வீடு கட்ட முடியாது. எனக்கு மெமோ வரும். யாருடைய மனைகள் என்று பட்டியலைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாற்பத்து மூன்றாம் எண், அங்காளம்மாள். புதனும் சனியும் எங்கள் வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்குகிற அதே அங்காளம்மாள். கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து வந்து அலுத்துப்போய், இங்கேயே ஒரு மனை வாங்கிக் குடிசை போட்டவள்.

பிப்ரவரி 11

யூனிஸிடம் சொல்லவில்லை. கைப்பையில் ரப்பர் இருக்கிறது. எதற்கு எடுத்து வைத்தேன்?

பிப்ரவரி 13, வியாழன்

கதவைச் சாத்திவிட்டு தட்சிணாமூர்த்தி சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். துணியின் கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவருடையது.

“அழிச்சிடும்மா.”

“சார்...”

“மூணு மாசம்மா. மூணே மாசம் பொறுத்துக்கோ. நான் போனப்புறம் நீ என்ன வேணா வரைஞ்சுக்கோ. இப்ப இது வெளியில வந்தா என் பென்ஷன்ல கை வைப்பாங்க.”

கெட்ட மனிதர் இல்லை. பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் வரைவுத் திட்டம் ஏப்ரலில் மேலே போக வேண்டும். ஏப்ரலில் இல்லாத கால்வாய் 2011 வரைக்கும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

யூனிஸிடம் கொட்டித் தீர்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “முதல்ல அங்காளம்மாகிட்ட போய்ச் சொல்லு. ஆபீசுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்” என்றாள்.

போனோம். குடிசைக்குப் பக்கத்தில் புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியிருக்கிறாள். செங்கல் வந்து இறங்கியிருக்கிறது. அவளுடைய மகள் செல்லியம்மாள் யூனிஸின் வகுப்பில்தான் படிக்கிறாள். சார்ட்டில் தன் வீட்டுக்கு இரண்டு நீலப் பொட்டு ஒட்டியவள் அவளேதான். “வா பெரியக்கா, டீச்சரம்மா வா. இது ரூமு, இது அடுப்பங்கரை, இது செல்லி பட்ச்சிகினு கெடக்கறதுக்கு” என்று பள்ளத்துக்குள் இறங்கி ஒவ்வொரு மூலையாக நின்று காட்டினாள். சங்கரா மீன் வறுத்து வைத்தாள். தின்றுவிட்டு வந்துவிட்டேன். அந்த வீட்டில் என் வாய் திறந்தது மீனுக்கு மட்டும்தான். யூனிஸ் வழி முழுக்க எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

மார்ச் 4, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து நாட்களில் எதையாவது விட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்வாள். இந்த வருடம் காபியை விடலாமா என்று யோசித்தேன். காபிமேல் கைவைப்பானேன், பயத்தை விட்டால் என்ன?

ஒரே பக்கம் எழுதினேன். நிப் அடைத்தது, துணி போனது, கோடு விட்டுப்போனது. ‘மேலதிகாரிக்கு இது தெரியாது. தவறு முழுவதும் என்னுடையது’ என்று முடித்து சார் மேசையில் வைத்தேன். படித்தார். பேனாவை எடுத்தார். அந்தக் கடைசி வரிகளை அடித்தார். கீழே தன் கையால் எழுதினார்: ‘சரிபார்த்தவன் நான். கிராம வரைபடத்தோடு ஒப்பிடாமல் கையெழுத்திட்டேன்.’

“வீட்டுல அவகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழக் கூடாது என்று வெளியே ஓடினேன். மத்தியானம் மசி போட்டேன். நாலே நிமிட வேலை.

மார்ச் 15, ஞாயிறு

ஏழு மனைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. சொன்னது நான், வாங்கிக்கட்டிக்கொண்டதும் நான்.

மற்றவர்கள் கத்தினார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். அங்காளம்மாள் கத்தவில்லை. “ஆறு வருசமா உன் கைல மீனு குட்த்துகினு கீறேன். ஒரு வார்த்த சொன்னியா?” என்றாள்.

“எனக்கே தெரியாது அங்காளம்மா.”

“தெரியாம கோடு போடறதுக்கா கவர்மெண்டு சம்பளம் குட்க்குது?”

சரியாத்தானே கேட்டா. வீட்டுக்கு வந்து சோறு இறங்கலை.

மார்ச் 21

சனிக்கிழமை. மீன் வரவில்லை. அவள் குரல் பக்கத்துத் தெருவில் கேட்டது.

மார்ச் 29, ஞாயிறு

இன்றைய நாளை முழுசாக எழுத வேண்டும்.

யூனிஸின் பெண்கள் நீலச் சாக்கட்டியோடு பூவராகன் நகருக்குப் போனார்கள். போன மழையில் தண்ணீர் எதுவரை வந்ததோ அந்த உயரத்தில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், கேட்டுக்கொண்டு, ஒரு கோடு. மறக்காமல் இருக்க. சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள். நான் பின்னால் ஸ்கேல் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

செல்லி தன் குடிசை மண் சுவரில் இடுப்பு உயரத்தில் கோடு போட்டாள். அங்காளம்மாள் வெளியே வந்தாள். போச்சு, இன்றைக்கு நமக்கு நல்ல பூஜை என்று நினைத்தேன்.

“ஏய், அளவு தப்பா போடற. அன்னிக்கு அரிசிப் பான முழுகிச்சா இல்லியா? இன்னும் மேல போடு” என்று சாக்கட்டியைப் பிடுங்கி, தானே நாலு விரல் மேலே போட்டாள். போட்டுவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எனுக்கு மட்டும் ஆசையா இன்னா, தண்ணிக்கு நடுவுல வூடு கட்டணும்னு? அதோ அங்க பார் பெரியக்கா. பார்க்குன்னு போர்டு வச்சிட்டு எட்டு வருசமா முள்ளு மொளச்சிகினு கீது. மேடான எடம். முள்ளு மேட்டுல நிக்குது, மனுசாள் தண்ணில நிக்கறோம். இன்னா ஞாயம் இது?”

அவள் கோபத்தில் சொன்னாள். எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. பார்க்! எந்த மனைப்பிரிவிலும் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு விட வேண்டும். அந்தப் பங்கு மேட்டில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? பூங்காவைக் கால்வாய்க்குக் கொண்டுபோ. கால்வாய்க்காரர்களைப் பூங்காவுக்குக் கொண்டுபோ. இருபுறமும் மரம், நடுவில் தண்ணீர் போகிற வழி. அதுவும் பூங்காதானே?

செருப்பைக் குடிசை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் கால் சுட்டபோதுதான் தெரிந்தது. வீட்டில் அளவு போட்டுப் பார்த்தேன். ஏழு மனையும் ஒரு சின்னத் தெருவும் அந்த மேட்டில் கச்சிதமாக உட்காருகின்றன.

ஏப்ரல் 6, திங்கள்

சிட்டிபாபுவைப் பார்க்கப் போனேன். பூவராகன் அவருடைய அப்பா. நெல் விளைந்த நிலத்தை மனையாக விற்று, இப்போது செங்கல், மணல், லாரி. பூங்கா இடத்தை இன்னும் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சத்தம் ஓய்ந்தால் அதையும் விற்றுவிடலாம் என்ற கணக்கு.

“நீங்க மேப்புல போடல, நான் வித்தேன். இதுல என் தப்பு இன்னா மேடம்?”

“அங்க கால்வாய் இருந்தது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம இன்னா? சின்ன வயசுல அதுலதான் கெளுத்தி புட்ச்சேன்” என்றார். வெட்கமே இல்லாமல் சிரித்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் யோசித்தால் நானும் அவரும் ஒரே மாதிரிதான். அவருக்குத் தெரிந்தும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தும் மறந்துபோனது. நனைந்தது என்னவோ ஏழு வீடு.

இடமாற்றத்துக்கு ஒத்துக்கொள்ள முடியாது என்று கையைக் கழுவிவிட்டார்.

மே 29, வெள்ளி

தட்சிணாமூர்த்தி சாருக்குப் பிரிவு உபசாரம். மாலை, சால்வை, மிக்சர். விசாரணை முடியும்வரை பாதிப் பென்ஷன்தான் என்று நேற்று உத்தரவு வந்தது. மாலையோடு என் மேசைக்கு வந்தார். “வீட்டுல சொன்னேம்மா. ‘இந்த வயசுலயாவது ஒரு உண்மையை எழுதினீங்களே’ன்னா. முப்பது வருஷமா என்னைப் பத்தி என்ன நினைச்சிட்டிருந்தான்னு இப்பத்தான் தெரியுது” என்றார். இருவரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 20, வியாழன்

வரைவுத் திட்டத்தின்மேல் பொதுமக்கள் ஆட்சேபணை கேட்கும் நாள். கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஐந்து அதிகாரிகள். நடுவில் என் வரைபடம். யூனிஸ் தன் பெண்களோடு சார்ட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டினாள். இரண்டிலும் ஒரே வளைவு. ஒன்று நான் மசியில் போட்டது, ஒன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு ஒட்டியது.

ஒரு அதிகாரி செல்லியைக் கேட்டார்: “உங்க வீடே போகுமேம்மா, பரவாயில்லையா?”

செல்லி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “வூடு போவக்கூடாது சார். தண்ணியும் போவணும். ரெண்டுக்கும் எடம் கீது. அக்கா வரைஞ்சி வச்சிருக்காங்க.”

மண்டபத்தில் கைதட்டல். சிட்டிபாபு மட்டும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிவு: கால்வாய் திட்டத்தில் இருக்கும், ஏழு மனையிலும் கட்டுமானம் கூடாது, இடமாற்றம் நில உரிமையாளர் சம்மதித்தால் மட்டும். அதாவது பாதி வெற்றி. அங்காளம்மாளுக்கு அதுவும் இல்லை. கட்டவும் முடியாது, போகவும் முடியாது.

நவம்பர் 17, செவ்வாய்

மழை. அங்காளம்மாள் குடிசையில் முழங்கால் தண்ணீர். லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு வாளியை என் கையில் திணித்தாள். சாயங்காலம் வரை இருவரும் இறைத்தோம். அடுக்கி வைத்த செங்கலில் பாசி பிடித்திருக்கிறது.

டிசம்பர் 12, சனி

வாசலில் கூடை சத்தம். “வஞ்சிரம் கீது, வோணுமா வோணாமா?” அவ்வளவுதான் பேச்சு. வாங்கினேன். யூனிஸ் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

1993 மே 12, புதன்

எங்கு பார்த்தாலும் குடம். தாம்பரம் முழுக்கத் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துத் தவம். சிட்டிபாபு வீட்டுக் கிணறு ஐம்பது அடியில் வறண்டுபோனது. யூனிஸின் பெண்கள் இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கிக் கிணறுகளை அளப்பதை விடவில்லை. கால்வாயோரக் கிணறுகளில் இன்னும் பதினெட்டு அடியில் தண்ணீர் நிற்கிறது. அதில் நன்றாக இருப்பது அங்காளம்மாளின் உறைகிணறு.

இன்று காலை அந்தக் கிணற்றடியில் வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்து நானே கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். இடுப்பில் துண்டு, கையில் பிளாஸ்டிக் குடம் — சிட்டிபாபு.

செல்லி குடத்தை நிரப்பிக்கொண்டே விளக்கினாள்: “ஏரி தண்ணி இந்த வழியா போவச்சொல்ல மண்ணுல எறங்கிகினே போவுது சார். அதான் இந்தக் கெணறு நிக்குது. இந்த வழிய அடச்சி வூடு கட்டிட்டா, இதுவும் உங்க கெணறு மாதிரி ஆயிடும்.” ஒரு வருடத்து அளவுகளை நோட்டில் காட்டினாள்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தெற்கே இன்னும் அறுபது மனை விற்கக் காத்திருக்கிறார். தண்ணீர் இல்லாத மனையை எவன் வாங்குவான்? மனம் மாறியதா, கணக்கு மாறியதா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தால் என்ன. “யம்மாடி, உன் டீச்சர் பேர் இன்னா?” என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜூன் 11, வெள்ளி

சிட்டிபாபு கையெழுத்துப் போட்டுவிட்டார். மேட்டு நிலம் ஏழு குடும்பத்துக்கு. கால்வாய் நிலம் ஊருக்குப் பொது. அதே தபாலில் எனக்கும் உத்தரவு: இரண்டு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். தட்சிணாமூர்த்தி சாருக்குக் கண்டனத்தோடு முழுப் பென்ஷன். ஸ்வீட் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். தண்டனைக்கு ஸ்வீட் கொடுத்தவளை இந்த ஆபீஸ் இதுவரை பார்த்ததில்லை.

1994 பிப்ரவரி 6, ஞாயிறு

அங்காளம்மாள் மேட்டில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனாள். இரண்டு அறை, ஒரு அடுப்பங்கரை. செல்லி படிக்க ஜன்னலோரம் ஒரு மேடை. தட்சிணாமூர்த்தி சார் மனைவியோடு வந்திருந்தார்.

“பெரியக்கா, இந்த வூட்டு அடில எதுனா வரையாம உட்டுட்டு வந்திருக்கியா? இப்பவே சொல்லிடு” என்றாள் அங்காளம்மாள், எல்லார் முன்னாலும். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அது இருக்கட்டும்.

1995 ஆகஸ்ட் 27, ஞாயிறு

இரண்டு வருடமாகச் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. வெட்டித் திறந்த கால்வாயில் மாடு மேய்கிறது. ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் புங்கமும் பூவரசும் வைத்திருக்கிறார்கள், அதுவே பெரிசு. தெற்கே பக்கத்து மனைப்பிரிவான ரங்கன் நகரின் சங்கச் செயலாளர் ராஜகோபால் வழிமறித்தார். அவர்கள் நகரிலும் ஒரு ஓடை தூர்ந்து கிடக்கிறது, போன மாதம் நான் கடிதம் எழுதியிருந்தேன்.

“என்ன மேடம், பூவராகன் நகர்ல தண்ணி எப்ப வரும்? 2011லயா? எங்களையும் மேட்டுக்குப் போகச் சொல்றீங்களே!”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து யூனிஸிடம் பொரிந்து தள்ளினேன். எதுக்குடி இதெல்லாம், யாருக்கு வேணும், நாம என்ன பைத்தியமா? அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, “இந்த வருஷ ஒன்பதாம் வகுப்பு ரங்கன் நகரை எடுத்துக்கிட்டு இருக்குக்கா. போன வாரம் ஆரம்பிச்சாச்சு” என்றாள். இவளை என்ன செய்வது?

1996 ஜூன் 14, வெள்ளி

விடியும் முன்பிருந்து ஊற்றுகிறது. ஜூனில் இப்படி மழையா? ரயில் இல்லை, பஸ் இல்லை. ஏரி வழிகிறது என்கிறார்கள். மனம் முழுக்கப் பூவராகன் நகரில். வரைபடத்தில் சரியாக இருந்தது மண்ணில் சரியாக இருக்குமா? தண்ணீர் வரத்தைக் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தேனா? இருபது அடி அகலம் போதுமா? ஆண்டவரே.

ஜூன் 15, சனி

மழை விட்டதும் நானும் யூனிஸும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே போனோம். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. கலங்கலில் விழுகிற தண்ணீர், செம்மண் நிறத்தில், இரண்டு வரிசை மரத்துக்கும் நடுவில் நல்ல பிள்ளையாய் வளைந்து சித்தேரிக்குப் போகிறது. கரையிலிருந்து இன்னும் ஒரு சாண் இடம் மிச்சம். பழைய நாற்பத்து மூன்றாம் எண் இருந்த இடத்தில் ஆள் மூழ்கும் ஆழம்.

மேட்டில் அங்காளம்மாள் வாசலில் அடுப்பு எரிகிறது. கால்வாயில் வந்த கெளுத்தியைப் பிடித்து, தெருவுக்கே குழம்பு. பாதிக்கு மேல் பிடித்தவர் சிட்டிபாபு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறார், வயது அறுபதுக்கு மேல்.

“ஒரு வூட்ல கூட தண்ணி பூரல பெரியக்கா. ஒரு வூட்ல கூட” என்றாள் அங்காளம்மாள். அவள் கண் கலங்கி இருந்தது. புகையால் என்று சொன்னாள். அவள் பொய்யை அவளிடமே விட்டுவிட்டு, நான் நன்றாக அழுதேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் இருபது பேருக்கு மேல். ரங்கன் நகர். வேட்டி முழங்கால் வரை சேறு. இரண்டு நாளாக மொட்டை மாடியில் இருந்திருக்கிறார்கள். முன்னால் ராஜகோபால். கையில் பாலிதீன் உறையில் சுற்றிய மனைப்பிரிவு பிரின்ட்.

சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் உள்ளே வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, பிரின்டை எங்கள் ஹால் தரையில் விரித்தார்.

“தண்ணி எந்த வழியாப் போகணுமோ அதைப் போட்டுக் குடுங்க மேடம். நாங்க பேசி முடிச்சிட்டுத்தான் வந்திருக்கோம். ஸ்கூல் பிள்ளைங்க போன வருஷமே எங்க சுவத்துல கோடு போட்டுட்டுப் போச்சுங்க, நாங்கதான் அழிச்சோம்.”

“சார், சில வீடு அதில் வரும்” என்றேன்.

“பதினாறாம் நம்பர் வரும்னு தெரியும்” என்று விரலை வைத்துக் காட்டினார். “அது என் வீடு.”

யூனிஸ் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். ஆராதனைக்குப் போகவில்லை. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் ஆயிற்று.